செவியே தராசாக: அலெக்சாந்தர் கிரகாம் பெல்

கடற்கரையிலே உலோகந் தேடும் கருவியை ஏந்தி நடப்போரை நம்மிற் பலர் படத்திலேனும் கண்டிருப்பர். நீண்டதொரு கோல், அதன் நுனியிலே தட்டுப்போன்ற வளையம், தேடுவோன் செவிகளை மூடியபடி ஒலிகேட்குங் கருவி. அமெரிக்காவின் புளோரிடாக் கரையிலே இத்தகையோர் மிகுதி. 1715ஆம் ஆண்டு யூலை மாத இறுதியில் வீசிய புயலிலே இசுப்பானியரின் திரவியக் கப்பல்கள் பதினொன்று அக்கரையோரம் சிதைந்து ஆழ்ந்தன. காற்றும் அலையும் மணலை அரித்துச் சென்றபின் அவற்றின் வெள்ளிக் காசுகள் அங்கே வெளிப்படுவதுண்டு. 1950களிலே கிப் வாக்னர் என்பவர், இராணுவம் கழித்துவிட்ட கண்ணிவெடி தேடும் கருவியொன்றைக் கொண்டே அக்கரையிற் பல சின்னங்களைக் கண்டெடுத்தார்.

தேடச் செல்வோன் கரையை அடைந்தவுடனே தோண்டத் தொடங்குவதில்லை. கச்சேரிக்கு முன்னர்த் தம்புராவுக்குச் சுருதி கூட்டுவார் போல, முதலிலே தன் கருவிக்குச் சுருதி கூட்டுகிறான். தம்புராவில் இனிய நாதம் பிறக்கும்வரை முறுக்காணியைத் திருகுவோம்; இங்கோ ஒலி அடங்கும்வரை திருக வேண்டும். மணல் பேசாதிருத்தல் வேண்டும். உவர்நீர் பேசாதிருத்தல் வேண்டும். காசு ஒன்றே பேசுதல் வேண்டும். இந்த வித்தையின் தொடக்கத்தை நாடிச் சென்றால், கடற்கரையை விட்டு, 1881ஆம் ஆண்டு கோடைகாலத்தில் வாஷிங்டன் வெள்ளை மாளிகையிலே ஒரு நோயாளியின் கட்டிலருகே வந்து நிற்போம். அங்கே செவியிலே தொலைபேசியை வைத்து ஒலி தேடி நின்றவருக்கு அப்போது வயது முப்பத்துநான்கு. தொலைபேசியைத் தந்தவர் என அவரை உலகம் அறியும். உலோகந் தேடிய கதையை அறிந்தோர் சிலரே.

அலெக்சாந்தர் கிரகாம் பெல் 1847ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 3ஆந் திகதி ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரிற் பிறந்தார். பாட்டனார் பேச்சுக்கலை ஆசிரியர். தந்தையார் மெல்வில் பெல்லும் அத்தொழிலினரே. வாயுறுப்புக்களின் நிலையைக் குறிகளால் எழுதிக்காட்டும் எழுத்துமுறையொன்றைத் தந்தையார் வகுத்து, 1867இலே நூலாக வெளியிட்டார். நாவும் அண்ணமும் இதழும் பொருந்தும் இடங்கொண்டு எழுத்துக்களின் பிறப்பை வகுத்த தொல்காப்பியர் வழிவந்த நமக்கு இது புதுமையன்று. ஆங்கில நாட்டினர்க்கு அது பெரும் புதுமையாயிருந்தது. தந்தையார் சபையிலே இம்முறையை விளக்குங்கால் மைந்தரை வெளியே அனுப்பிவிட்டு, அவையோர் கூறும் விநோத ஒலிகளைக் குறிகளால் எழுதுவார். திரும்பிவரும் மைந்தர் அக்குறிகளை நோக்கி அவ்வொலிகளையே பிறப்பித்துக் காட்டுவர். ஒருமுறை வடமொழியின் நாமடி டகரத்தை இளைஞர் பெல் இவ்வாறு ஒலித்துக் காட்டினாராம். ஆங்கிலேயர் நாவுக்கு அரிதான அவ்வெழுத்து, நம் வீட்டுக் குழந்தைகளுக்கு எத்துணை எளிது!

தாயார் எலைசா நல்ல பியானோ வாசிப்பவர். ஆனாற் செவிப்புலன் பெரிதும் குன்றியவர். ஏனையோர் அவருடைய கேட்குங் குழாயிலே உரத்துப் பேச, மைந்தரோ தாயின் நெற்றியருகே வாயை வைத்துத் தாழ்ந்த குரலிற் பேசுவார். ஒலி என்பது அதிர்வு என்பதை ஏட்டிலே படிக்குமுன்னர்த் தாயின் நெற்றியிலே அவர் படித்துவிட்டார் என்று கருதுவதில் தவறில்லை. தாயிடமிருந்தே நுண்ணிய இசைச்செவியும் அவருக்கு வாய்த்தது. பதினெட்டு, பத்தொன்பது வயதிலே இசைக்கவைகளை அதிரச்செய்து உயிரெழுத்துக்களின் சுருதியை ஆராய்ந்தார்.

பின்னர்த் துன்பம் தொடர்ந்தது. தம்பி எட்வேர்ட் 1867இலும் தமையன் மெல்வில் 1870இலும் சயரோகத்தால் மாண்டனர். எஞ்சிய ஒரு மகனையேனும் காக்கவேண்டுமென்று பெற்றோர் 1870இலே கனடாவின் பிரான்ட்போர்டு நகருக்குக் குடிபெயர்ந்தனர். மறுவருடம் பெல் பொஸ்டன் சென்று செவிப்புலனற்ற பிள்ளைகளுக்குப் பேசக் கற்பிக்கும் ஆசிரியரானார். 1873இற் பொஸ்டன் பல்கலைக்கழகத்திலே குரலுறுப்பியற் பேராசிரியர் பதவியும் கிடைத்தது. தம்மிடம் பயின்ற மேபெல் ஹபார்டு என்னும் மங்கையை 1877இலே மணந்தார். அவ்வம்மையார் ஐந்து வயதிலே கண்ட செங்காய்ச்சலாற் செவிப்புலனை இழந்தவர். தாயும் கேளார், தாரமும் கேளார். இவ்விருவரிடையே வாழ்ந்தவர்தாம் உலகத்துக்குத் தொலைவிலிருந்து கேட்குஞ் செவியைத் தந்தவர்.

தொலைபேசியின் வரலாற்றைப் பாடநூல்கள் நன்கு கூறுவதால் இங்கே விரித்தல் வேண்டா. ஒன்றை மட்டும் குறிப்பேன். ஒரே கம்பியிற் பல தந்திகளை அனுப்பும் பொருட்டு, வெவ்வேறு சுருதியுள்ள உருக்கு நாக்குகளை அமைத்து, அவற்றைச் செவியருகே பிடித்துச் சுருதி கூட்டுவது பெல்லின் வழக்கம். 1875 யூன் மாதம் 2ஆந் திகதி துணைவர் வாட்சன் ஒட்டிக்கொண்ட நாக்கொன்றைச் சுண்டியபோது, மற்றையறையிலிருந்த பெல்லின் செவி அந்த மெல்லொலியைத் தவறவிடவில்லை. மறுவருடம் மார்ச்சு மாதம் 7ஆந் திகதி அவருக்குத் தொலைபேசியின் உரிமைப்பத்திரம் கிடைத்தது. வழக்குகள் பல வந்தன, அவற்றை வென்றார். 1880இலே பிரான்சு அரசு வோல்ற்றாப் பரிசாக 50,000 பிராங்கு அளித்தது. அப்பணத்தைக்கொண்டு வாஷிங்டனில் ஓர் ஆய்வுகூடம் நிறுவி, சாள்ஸ் சம்னர் டெய்ன்ற்றருடன் ஆய்வு நடத்திவந்தார்.

அவ்வேளையிலேதான் அந்தக் கொடுஞ்செயல் நிகழ்ந்தது. 1881 யூலை மாதம் 2ஆந் திகதி காலை, வாஷிங்டன் புகையிரத நிலையத்திலே சனாதிபதி ஜேம்ஸ் கார்பீல்டை, கிட்டோ என்பவன் பின்னின்று இருமுறை சுட்டான். ஒரு குண்டு கையை உராய்ந்து சென்றது. மற்றையது முதுகின் வலப்புறத்தே புகுந்து மறைந்தது. எக்ஸ்கதிர் அறியப்பட்டது 1895இலே. ஆதலின் வைத்தியர்கள் கழுவாத விரல்களாலும் சலாகைகளாலும் புண்ணைத் துழாவினர். தலைமை வைத்தியராயமைந்த பிளிஸ், குண்டு உடலின் வலப்பாகத்திலேயே தங்கியுள்ளதென்று முடிவுகட்டினார்.

செய்தி கேட்ட பெல்லுக்குப் பழையதொரு நினைவு எழுந்தது. அடுத்தடுத்துச் செல்லும் தந்திக் கம்பிகளாலே தொலைபேசியில் இரைச்சல் உண்டாவதைத் தடுக்க, சுருள்களை ஒன்றன் விளைவை மற்றொன்று அழிக்குமாறு அமைத்துப் பார்த்திருந்தார்; அவற்றினருகே உலோகம் வந்தால் அடங்கிய ஒலி மீண்டும் எழும் என்பதையும் கண்டிருந்தார். இலண்டனில் டேவிட் ஹியூஸ் 1879இலே இத்தத்துவத்தைக்கொண்டு தூண்டற்றராசு என்னுங் கருவியை அமைத்திருந்தார். அதனைக்கொண்டு மனிதவுடலிலே குண்டு தேடலாம் எனப் பெல் துணிந்தார். வானசாத்திரி சைமன் நியூகோமும் அத்தகைய எண்ணமுடையவராய்ப் பெல்லுக்கு ஆலோசனை கூறினார்.

அக்கருவியின் இயல்பை இங்கே சற்று நின்று விளங்கிக்கொள்ளல் நன்று. ஏனெனில் இன்று கடற்கரையிலே ஏந்தப்படுங் கருவி பலவற்றின் உள்ளேயிருப்பதும் இதுவே. ஒரு சுருளிலே விட்டுவிட்டு மின்னோட்டம் செலுத்தினால், அதனைச் சூழக் காந்தப்புலம் எழுந்தும் அடங்கியும் துடிக்கும். அயலிலுள்ள இரண்டாஞ் சுருளிலே அத்துடிப்பு ஒரு மின்னோட்டத்தைத் தூண்டும். அதனுடன் இணைத்த தொலைபேசி இரையும். முதற்சுருளின் உள்ளே ஒரு திசையிற் செல்லும் புலம் வெளியே எதிர்த்திசையில் மீளும். ஆகவே இரண்டாஞ் சுருளை முதற்சுருளின்மேல் ஒருபாதி படியவும் ஒருபாதி விலகவும் மெல்ல நகர்த்திச் சென்றால், இருதிசைப் புலங்களும் ஒன்றையொன்று சரிக்கட்டும் ஓரிடம் வரும். அவ்விடத்தே தொலைபேசி மௌனமாகும். தராசின் முள் நடுவே நிற்பதுபோன்றது அந்த மௌனம். ஈயத்துண்டொன்று அருகே வந்தவுடன் அதிலே சுழலும் மின்னோட்டம் பிறந்து, தன் புலத்தால் தராசைச் சாய்க்கும். தொலைபேசி மீண்டும் இரையும். மயிரிழை நகர்வும் சமநிலையைக் கெடுக்குமாதலின், அந்த மௌனத்தைப் பிடிப்பதற்குக் கைந்நிதானமும் கூரிய செவியும் ஒருங்கே வேண்டும்.

பெல்லும் டெய்ன்ற்றரும் இரவுபகலாக உழைத்தனர். ஈரத்தவிட்டு மூட்டையிலும் மாட்டிறைச்சியிலும் குண்டை மறைத்துத் தேடினர். மூடிய கைக்குள்ளே வைத்துத் தேடினர். உள்நாட்டுப் போரிலே பட்ட குண்டுகளை உடலிற் சுமந்திருந்த பழைய போர்வீரர்களிடத்தும் சோதித்தனர். கருவி தவறவில்லை. ஆனால் ஓர் இடர்ப்பாடு: குண்டு சில அங்குலத்துக்கு மேல் ஆழ்ந்திருந்தால் ஒலி தேய்ந்துவிடும்.

யூலை 26ஆந் திகதி மாலை கருவி வெள்ளை மாளிகைக்குச் சென்றது. ஆய்வுகூடத்திலே அடங்கியிருந்த தொலைபேசி அங்கே இடையறாது பொரிந்தது. நோயாளியின் மேனிமீது கொண்டுசென்றும் தெளிவான ஒலி கேட்கவில்லை. திரும்பிவந்து நோக்கியபோது, ஒலிதெளியச் சேர்த்திருந்த மின்னொடுக்கி அவசரத்திலே ஒருபுறம் மட்டுமே இணைக்கப்பட்டிருந்தமை தெரிந்தது. ஒரு நாட்டின் தலைவருடைய உயிர் ஊசலாடும்போது ஒரு கம்பி தவறிவிட்டது! அன்றிரவு பெல் எத்துணை மனம் நொந்திருப்பார் என்பதை, மாணவர் முன்னிலையிற் சோதனை காட்ட முயன்று தோற்ற எந்த ஆசிரியரும் உணர்வர்.

ஓகஸ்டு முதலாந் திகதி மீண்டும் சென்றார். இம்முறை கருவி செவ்விதாயிருந்தது. புண்ணின் வலப்புறத்தே மெல்லிய ஒலி கேட்டது. ஆனால் ஒரு புள்ளியிலே கூர்மையாகக் கேளாமல், பரந்ததோர் இடமெங்கும் ஒருதன்மைத்தாய்க் கேட்டது. பெல்லுக்கு ஐயம் நீங்கவில்லை. பிளிசோ தமது கருத்து உறுதியாயிற்றென்று கொண்டார். மறுநாள் கட்டிலருகே உலோகம் ஏதும் இருந்ததோ என்று பெல் வினாவியபோதுதான், மேல்மெத்தையின் கீழே உருக்குக் கம்பிகளாற் பின்னிய மற்றொரு மெத்தை கிடந்த செய்தி வெளிப்பட்டது. அதுபோன்ற மெத்தையொன்றைப் பெல் வருவித்துப் பார்த்தார். கம்பிவலையின் கண்கள் அகன்றிருந்தமையால் அது பெருந்தடையாகாதென்றே அவருக்குத் தோன்றியது. பின்வந்த நூலாசிரியர் பலர் அம்மெத்தையையே குற்றவாளியாக்கிவிட்டனர். என் மனத்துக்கு இரண்டிலும் பெரிய தடை வேறொன்றாகப்படுகிறது: பிளிஸ் தாம் நம்பிய வலப்புறத்தை மட்டுமே ஆராய இடங்கொடுத்தார், இடப்புறம் தேடப்படவேயில்லை.

இதே நிலைமை கடற்கரையிலே நாள்தோறும் நேர்வதை அத்தொழிலாளர் அறிவர். வீட்டுமுற்றத்திலே அடங்கிய கருவி ஈரமணலிற் கால்வைத்ததும் ஓலமிடும். உவர்நீர் மின்கடத்தியாதலால் அது உலோகம்போல நடிக்கும். இரும்புச்சேர்வை மிக்க கருமணலோ காந்தத்தன்மையால் தராசை வேறொரு வகையிற் சாய்க்கும். புல்மோட்டைக் கரையின் கருமணலைக் கண்டோர்க்கு அது எத்தகையதென்று கூறவேண்டியதில்லை. ஆகவே தேர்ந்தவன் முதலிலே கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றுகிறான்; இரும்பு மண்வெட்டியைத் தூர வைக்கிறான். உலோகமில்லாத இடமொன்றைத் தெரிந்து, வளையத்தை நிலத்துக்கு ஓரடி உயரத்திலிருந்து இரண்டங்குலம்வரை மெல்ல இறக்கியும் ஏற்றியும் பார்க்கிறான். இறக்கும்போதும் ஏற்றும்போதும் ஒலி மாறாதிருக்கும்வரை சமநிலைக் குமிழைத் திருப்புகிறான். பின்னர்க் கருவியின் கூருணர்வை ஏற்றிச்சென்று, அது தானே பிதற்றத் தொடங்குமிடத்தே ஒருபடி குறைத்துக்கொள்கிறான். காய்ந்த மணலிலே கூட்டிய சுருதி ஈரமணலிற் செல்லாது. இரண்டுக்கும் தனித்தனியே கூட்டல் வேண்டும். நீரோரத்தை நோக்கி மேலுங்கீழுமாய் நடந்தால் அடிதோறும் ஈரம் மாறுமாதலால், அலைவரம்புக்கு இணையாகவே நடத்தல் நன்று. குப்பையை விலக்கும் அமைப்பைப் பெரிதும் முடுக்கினால் மெல்லிய பொன்மோதிரமும் உடன் விலக்கப்பட்டுவிடும்.

மீடிறன், அஃதாவது செக்கனொன்றுக்கு நிகழும் அதிர்வின் தொகை, குறையக்குறைய உவர்நீரின் குரலும் தணியும். மனிதவுடலும் உவர்நீர் பெய்த பாண்டமே. பெல்லின் கருவி தாழ்ந்த மீடிறனில் இயங்கியமையால் உடலின் உவர் அவரைப் பெரிதும் வருத்தவில்லை. இக்காலக் கருவிகளோ ஆயிரக்கணக்கான அதிர்வில் இயங்குவன. அதனாற் பல மீடிறன்களை ஒருங்கே செலுத்தி உவரின் பங்கைக் கழித்துவிடுவதும், ஒரு துடிப்பைச் செலுத்திச் சற்றே பொறுத்துக் கேட்பதும் வழக்கிலுள்ளன. உவர்நீரின் எதிரொலி விரைவில் மாயும். உலோகத்தின் எதிரொலி சற்று நீடிக்கும். அந்தச் சிறுபொழுது தாழ்த்துக் கேட்பதே பின்னதன் நுட்பம்.

வெள்ளை மாளிகைக்குத் திரும்புவோம். ஓகஸ்டு 15ஆந் திகதி பெல்லின் மனைவிக்கு உரிய காலத்துக்கு முன்னரே ஓர் ஆண்மகவு பிறந்து, மூச்சுவிட இயலாமற் சில மணிநேரத்தில் மாண்டது. மாண்டுபோன தம்பியின் பெயராகிய எட்வேர்ட் என்பதையே அம்மகவுக்கு இட்டனர். அதன்பின் மூச்சுத் திணறுவோர்க்கு உதவும் காற்றுச்சட்டையொன்றை அமைக்க அவர் முனைந்தார். சனாதிபதி செப்டெம்பர் 19ஆந் திகதி உயிர்நீத்தார். உடலை அறுத்துப் பார்த்தபோது குண்டு முதுகெலும்பின் இடப்புறத்தே, கணையத்தின் அருகே, சவ்வாற் சூழப்பட்டுக் கிடந்தது. அவரைக் கொன்றது குண்டன்று. துழாவிய கைகள் கொணர்ந்த நச்சுச்சீழ் என்பதே இன்றைய வைத்தியர் பலரின் துணிபு.

பெல் விளம்பரம் தேடியவர் என்று ஏளனஞ் செய்தோரும் இருந்தனர். அவர் வாய்திறந்து வாதாடிக்கொண்டிராமல், தம் தவறுகளையும் சேர்த்து முழுவரலாற்றையும் எழுதி, 1882இலே மொன்றியல் நகரிற் கூடிய அறிவியற் சங்கத்தில் வாசித்தார். இணைக்கத் தவறிய கம்பியையும் மறைக்கவில்லை. தொலைபேசியைக் கண்டதைக்காட்டிலும் இச்செயலே எனக்கு உயர்வாகத் தோன்றுகிறது. அக்காலத்திலேயே தொலைபேசியுடன் இணைத்த ஊசியொன்றையும் அவர் அமைத்தார். ஊசிமுனை குண்டிலே தொட்டவுடன் செவியிற் சொடுக்கென்று கேட்கும். எக்ஸ்கதிர் பரவும்வரை படுகாயமுற்ற வீரர் பலருக்கு அது பயன்பட்டது. அதனைப் பாராட்டிச் செர்மனியின் ஹைடல்பேர்க் பல்கலைக்கழகம் அவருக்கு வைத்தியப் பட்டம் வழங்கியது.

அவர் குறைகளையும் கூறாதுவிடல் முறையன்று. செவிப்புலனற்றோர் கையாலே பேசும் மொழியை அவர் விரும்பவில்லை. வாயாற் பேசுதலே வேண்டுமென வற்புறுத்தினார். அவர்கள் தம்முள் மணஞ்செய்வதைக் குறித்து அச்சமூட்டும் ஆய்வுரையொன்றையும் 1883இலே சமர்ப்பித்தார். அச்சமூகத்தார் இதனை இன்றும் மன்னித்திலர். ஈயத்தின் மெல்லொலியைக் கேட்கத் தெரிந்த செவிக்கு, அம்மக்களின் கை கூறியது எட்டாமற்போயிற்று. ஆயினும் கண்ணுஞ் செவியும் இழந்த ஹெலன் கெல்லர் என்னும் சிறுமிக்கு ஆசிரியை வாய்க்க வழிகாட்டியவரும் இவரே. அவ்வம்மையார் 1903இலே தம் சரிதையை இவருக்கே உரிமையாக்கினார்.

பிற்காலத்தைக் கனடாவின் பெடெக் என்னும் ஊருக்கண்மையில், ஏரிக்கரைக் குன்றொன்றிற் கழித்தார். பெரும் பட்டங்களை வானில் விட்டார். அவர் சேர்த்த குழுவினரின் வானூர்தி 1909 பெப்ரவரி 23ஆந் திகதி உறைந்த ஏரியின்மேற் பறந்தது. அவர்தம் நீர்மேலெழும் படகு 1919இலே மணிக்கு எழுபது மைலுக்கு மேல் விரைந்தது. தூண்டற்றராசோ அவர் கையைவிட்டு வேறு கைகளுக்குச் சென்றது. 1930களிலே ஜெர்ஹார்ட் பிஷர் கையிலேந்தும் உலோகந் தேடியை விற்பனைக்குக் கொணர்ந்தார். போலந்து நாட்டு அதிகாரி யோசப் கொசாட்ஸ்கி ஸ்கொத்லாந்தில் இருந்தபோது அமைத்த கண்ணிவெடி தேடுங் கருவி, 1942இலே எல் அலமெயின் மணல்வெளியிலே படைகளுக்கு வழிதிறந்தது. போர் முடிந்து எஞ்சிய அத்தகைய கருவிகளே பொதுமக்கள் கைப்பட்டுக் கடற்கரைக்கு வந்தன.

பெல் 1922 ஓகஸ்டு 2ஆந் திகதி அக்குன்றிலே காலமானார். அங்கேயே அடக்கஞ் செய்யப்பட்டார். அவ்வேளையில் வட அமெரிக்காவின் தொலைபேசிகள் யாவும் ஒரு நிமிடம் ஒலியடக்கப்பட்டன. ஐந்து மாதங்கழித்து, 1923 சனவரி 3ஆந் திகதி, மேபெல் அம்மையாரும் அவரைத் தொடர்ந்தார்.